ஒரு சொட்டு டீசலும் ஆறு நாசிலும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஆட்களுக்கு டீசல் வாசம் புதிதில்லை. தெருவுக்கு நாலு பேராவது லாரியை நம்பி வாழ்ந்தவர்களாக இருப்பார்கள். டிரைவர், கிளீனர், பாடி கட்டுகிறவர், டிங்கர், டயர் கடைக்காரர், புக்கிங் ஆபீஸ்காரர், ரிக் வண்டியோடு வடநாடு போய் மாதக்கணக்கில் தங்கியவர் என்று பட்டியல் நீளும்.

இந்த ஊர்களில் எஞ்சினைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கடைசியில் இரண்டு சாமான்களில் வந்து நிற்கும். ஒன்று பம்ப். மற்றது நாசில் என்று நாம் பொதுவாகச் சொல்கிற இன்ஜெக்டர். பம்பைத் தொடுவதற்குப் பயப்படுவார்கள், அதற்கென்று ஆள் தேடுவார்கள். நாசில் மாற்றுவதென்றால் மட்டும், "கடையில போய் ஒரு செட் வாங்கிட்டு வா" என்று கிளீனரை அனுப்பிவிடுவார்கள். அந்த 'ஒரு செட்' எது என்று தேர்ந்தெடுப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நாசிலைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கடந்த எழுபது ஆண்டுகளில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்த்தால், இன்று ஒரு லாரி ஓனர் ஏன் அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

ஒரு சொட்டுக் கணக்கு

முதலில் நாசில் செய்கிற வேலையின் அளவைப் பார்ப்போம். ஆறு சிலிண்டர் லாரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் போகிறது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 லிட்டர் டீசல் செலவு. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வீதம் ஒவ்வொரு நாசிலும் நிமிடத்துக்கு 750 தடவை தெளிக்கிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 தடவை. ஆறு நாசிலும் சேர்ந்து 2,70,000 தடவை. 15 லிட்டரை இதால் வகுத்தால் ஒரு தடவைக்கு வருவது 0.055 மில்லி. கண்ணுக்கு மருந்து விடும்போது விழுகிற ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

அந்த ஒரு சொட்டை, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் இரண்டு மூன்று பங்கு நேரத்துக்குள், புகைபோலப் பொடித்து, சிலிண்டருக்குள் சரியான கோணத்தில் அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஒரு துளிகூட ஒழுகக் கூடாது. இதற்காக நாசிலுக்குள் இருக்கும் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவில் விடப்படும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியின் பருமன் 60, 70 மைக்ரான் இருக்கும். ஊசியும் உறையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் போட முடியாது. கழுவும்போது ஆறையும் ஒரே தட்டில் கலந்து போட்டுவிட்டால் ஆறும் வீண்தான்.

காற்றிலிருந்து பம்புக்கு

ரூடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அந்த எஞ்சினில் இன்று நாம் பார்க்கிற மாதிரி பம்ப் கிடையாது. எண்ணெயை அழுத்தப்பட்ட காற்றால் ஊதித்தான் உள்ளே தள்ளினார்கள். அந்தக் காற்றை அழுத்த ஒரு பெரிய கம்ப்ரசர் வேண்டும். அதனால் டீசல் எஞ்சின் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் போனது, லாரிக்கு வரவில்லை. 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது டீசல் கடலில் காணாமல் போனார். தன் பெயரில் ஓடும் லாரிகள் ரோட்டை நிறைப்பதை அவர் பார்க்கவில்லை.

லாரிக்கு வழி திறந்தது இரண்டு விஷயங்கள். பென்ஸ் கம்பெனியில் இருந்த ப்ராஸ்பர் லொராஞ்ச் என்ற பொறியாளர் 1909-ல் முன்னறை முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சிலிண்டருக்கு மேல் ஒரு சிறு அறை. எண்ணெய் முதலில் அதில் பற்றி, பிறகு பிஸ்டன் மேல் பாயும். இதற்கு நாசில் அவ்வளவு நுணுக்கமாகப் பொடிக்க வேண்டியதில்லை. 1923-ல் பென்ஸ் டீசல் லாரி வந்தது. மறுவருடம் எம்.ஏ.என். கம்பெனி முன்னறை இல்லாமல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் லாரியைக் காட்டியது.

இரண்டாவது விஷயம் ராபர்ட் பாஷ் கம்பெனி. பெட்ரோல் எஞ்சினுக்கு மேக்னட்டோ செய்து பேர் வாங்கியிருந்த பாஷ், 1922-ல் டீசல் பம்ப் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1927-ல் தொழிற்சாலையில் வரிசையாக உற்பத்தி செய்ய ஆரம்பித்தது. அதுவரை ஒவ்வொரு எஞ்சின்காரரும் தனக்கென்று பம்பும் நாசிலும் கடைந்துகொண்டிருந்தார்கள். பாஷ் வந்த பிறகு அவை அளவுகளும் எண்களும் கொண்ட சரக்காகிவிட்டன. 'மாற்று நாசில்' என்று ஒன்றைக் கடையில் வாங்கலாம் என்ற நிலைமை அங்கேதான் பிறந்தது. அதோடு கூடவே, தப்பான நாசிலை வாங்குவதற்கும் வழி பிறந்தது.

பென்ஸும் லேலண்டும்

நம் பக்கத்தில் சுதந்திரத்துக்கு முன்பு ஓடிய லாரிகள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். யுத்த காலத்தில் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியவை பற்றி நம் அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருப்போம். டீசல் நம்மிடம் வேரூன்றியது ஐம்பதுகளில்தான்.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் காமெட் வண்டி வந்தது. 1954-ல் டெல்கோ, டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம். ஒப்பந்தம் 1969-ல் முடிந்து நட்சத்திரம் போய், 'டி' எழுத்து வந்தபிறகும் நம் ஆட்களுக்கு அது பென்ஸ் லாரிதான். பம்பும் நாசிலும் செய்ய 1951-ல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி வந்தது. சுருக்கமாக மைக்கோ. பாஷ் தொழில்நுட்பம்தான். பின்னாளில் நாசில் உற்பத்திக்கு நாசிக்கில் ஆலை. 2008-ல் கம்பெனியின் பெயரே பாஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் இன்றும் பட்டறையில் ஒரு பெரியவர் "மைக்கோவா பாத்து வாங்கு" என்றால் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

இங்கேதான் தேர்வுப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஆரம்பகாலப் பென்ஸ் எஞ்சின் முன்னறை வைத்தது. அதன் நாசிலுக்கு நுனியில் ஒரே துவாரம், அதற்குள் ஊசியின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். திறக்கும் அழுத்தம் நூற்றுச் சொச்சம் பார் போதும். லேலண்ட் காமெட் நேரடித் தெளிப்பு எஞ்சின். அதன் நாசிலில் குண்டூசி முனையைவிடச் சிறிய பல துவாரங்கள், அழுத்தமும் அதிகம், 200 பார் பக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் விரல் நீள இரும்புத் துண்டுகள். வேலையோ வெவ்வேறு. பின்னாளில் டாட்டாவும் நேரடித் தெளிப்புக்கு மாறியது. அப்போது ஒரே கம்பெனி லாரியிலேயே பழைய எஞ்சினுக்கு ஒரு நாசில், புது எஞ்சினுக்கு இன்னொன்று என்றாகிவிட்டது. "டாட்டா வண்டிக்கு நாசில் குடுங்க" என்று கேட்டு வாங்கும் காலம் அதோடு முடிந்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு முடியவில்லை.

எண் சொல்லும் சேதி

நாசிலின் உடம்பில் பொடி எழுத்தில் ஓர் அடையாள எண் வெட்டியிருக்கும். டி.என். என்று தொடங்கினால் அது ஒற்றைத் துவார ஊசிமுனை வகை. டி.எல்.எல்.ஏ. என்று தொடங்கினால் பல துவார நீள வகை. அதற்கு அடுத்து 150 என்று இருந்தால், எல்லாத் துவாரத்திலிருந்தும் வரும் தெளிப்பு சேர்ந்து விரிகிற குடையின் கோணம் 150 டிகிரி. பிறகு வரும் 'எஸ்' அல்லது 'பி' எழுத்து நாசிலின் அளவு வகையைச் சொல்லும். 'பி' வகையில் ஊசி ஒல்லி.

இந்தக் கோணம் ஏன் முக்கியம் என்றால், பிஸ்டன் தலையில் ஒரு கிண்ணம் கடைந்திருக்கிறார்கள். தெளிப்பு அந்தக் கிண்ணத்துக்குள் விழ வேண்டும். கோணம் அதிகமானால் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் போகும். எரியாத டீசல் லைனர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும், ஆயில் சேம்பரில் டீசல் இறங்கும். கோணம் குறைந்தால் கிண்ணத்தின் அடியில் ஒரே இடத்தில் அடித்து பிஸ்டனைச் சுடும். நாசில் தப்பு என்பது முதலில் கறும்புகையாகத்தான் தெரியும். பிஸ்டனில் ஓட்டை விழுந்த பிறகு அது நாசிலால் வந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் குறைவு. "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்று முடித்துவிடுவார்கள்.

ஏற்றம் ஏற பவர் வேண்டும் என்று பெரிய துவார நாசிலைத் தேடிப் போடுகிற பழக்கமும் இருந்தது. போட்ட முதல் வாரம் டிரைவருக்குச் சந்தோஷம். பிக்கப் கிடைக்கும். ஆனால் பெரிய துவாரம் டீசலைப் பெரிய துளியாக விடுகிறது. பெரிய துளி எரிய நேரம் பிடிக்கும். சைலன்சர் வரை சூடு பரவும். தோப்பூர் கணவாயில் சுலபமாக ஏறிய வண்டி ஆறு மாதத்தில் ஹெட்டைத் திறக்க வேண்டி வந்தால் அதில் லாபம் எங்கே?

காதும் கையும்

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்கவும் ஓரளவு திருத்தவும் ஆள் இருந்தார். ஊருக்கு ஓரிரு பம்ப் ரூம் இருக்கும். தூசி வராமல் கதவு சாத்திய அறை, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம், மேசை மேல் கைப்பிடி வைத்த டெஸ்டர். நாசிலை அதில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் மீட்டர் முள் ஏறும். குறித்த அழுத்தத்தில் நாசில் கரகரவென்று குரல் கொடுத்துத் தெளிக்கும். அந்தக் குரலை வைத்தே நல்லது கெட்டது சொல்லுகிற மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குரல் மட்டும் போதாது. திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே நிறுத்தி 10 விநாடி பிடித்து வைத்தால் நுனியில் சொட்டு விழக் கூடாது. அழுத்தம் குறைவாக இருந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய ஷிம் ஒன்று சேர்ப்பார்கள். புது ஸ்பிரிங் ஓட ஓடச் சற்றுத் தளரும் என்பதால், புதிதாகப் போடும்போது கொஞ்சம் கூடவே வைத்துவிடுவார்கள். ஆறு நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கவலை. ஒன்று 180-லும் இன்னொன்று 210-லும் திறந்தால், எஞ்சின் நொண்டும் மாடு மாதிரி ஓடும்.

அந்த அறையில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம், தெளிப்புக்கு முன்னால் விரலை நீட்டாதே என்பது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெளிப்பு தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும். சின்னக் காயம்தானே என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

வண்டியிலும் சோதனை சுலபம். எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால், ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தினாலும் சத்தம் மாறும். எதைத் தளர்த்தினால் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. ஒரு ஸ்பேனரும் ஒரு காதும் போதும். இந்தூர் பக்கம் நடுரோட்டில் நின்றுபோன வண்டிகூட இப்படி ஊர் வந்து சேர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து நாசில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எஞ்சின் பொறுத்துக்கொண்டது. ஷிம், பம்ப் செட்டிங், டைமிங் என்று மனிதன் தன் கையால் சரிக்கட்ட மூன்று வழி இருந்தது. அந்தச் சகிப்புத்தன்மைதான் 'எந்த நாசில் ஆனால் என்ன' என்ற பழக்கத்தையும் வளர்த்துவிட்டது.

மண்ணெண்ணெய்க் காலம்

நாசில் கெட்டுப்போவதற்கு வயது ஒரு காரணம் என்றால் எண்ணெய் இன்னொரு காரணம். நாசில் ஊசிக்குத் தனியாக ஆயில் கிடையாது. தன் வழியே போகிற டீசலே அதற்கு மசகு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் கூடக்கூட, கலப்படமும் நாடெங்கும் கூடியது. மண்ணெண்ணெய் மெலிந்த எண்ணெய், வழவழப்பு போதாது. 2 மைக்ரான் இடைவெளியில் ஓடும் ஊசிக்கு அது உப்புத்தாள். கலப்படம் செய்த பங்க் ஒன்றுக்கு சீல் வைத்ததற்காக, இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். லாரிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் அது.

அதே காலத்தில்தான் போலி நாசில்களும் பெருகின. டப்பா அசல் மாதிரி இருக்கும், எண்ணும் அசல் மாதிரி வெட்டியிருக்கும். ஆனால் ஊசியின் எஃகு மென்மையாக இருக்கும், துவாரங்கள் ஆறும் ஆறு அளவில் இருக்கும். டெஸ்டரில் முதல் நாள் நன்றாகவே கரகரக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒழுக ஆரம்பிக்கும்.

விலையில் மிச்சம் பிடித்தது எங்கே போகும் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 2,500 லிட்டர் வேண்டும். நாசில் ஒழுகி மைலேஜ் 3.75 ஆகக் குறைந்தால் 2,667 லிட்டர். கால் கிலோமீட்டர்தானே என்று தோன்றும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் மாதம் 15,000 ரூபாய் புகையாகப் போகிறது. ஒற்றை லாரி வைத்து டியூ கட்டுகிறவருக்கு அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு.

கம்ப்யூட்டர் வந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. பத்து லட்சத்தில் 10,000 பங்கு. பாரத் ஸ்டேஜ் விதிகள் வர வர இது இறங்கியது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 4 வந்தபோது 50 பங்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6-ல் 10 பங்கு. புகைக்கும் அதே மாதிரி கடிவாளம். புகையைக் குறைக்க வேண்டுமானால் டீசலை இன்னும் நுண்மையாகப் பொடிக்க வேண்டும், அதற்கு இன்னும் அழுத்தம் வேண்டும். பழைய பம்பால் முடியாத அளவுக்கு.

இதற்கு வந்த விடை காமன் ரெயில். லாரியில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பான். டென்சோ செய்த அமைப்பு 1995-ல் ஹினோ லாரியில் வந்தது. 1997-ல் பாஷ் அமைப்போடு இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கார் வந்தது. இதில் ஒரு தடித்த குழாய்க்குள் டீசல் எப்போதும் உச்ச அழுத்தத்தில் காத்திருக்கும். 1,600, 1,800 பார், சிலவற்றில் 2,000-க்கும் மேலே. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார் சுமார் என்று நினைத்துப் பாருங்கள். இன்ஜெக்டர் இங்கே மின்சாரத்தில் திறக்கும் கதவு. எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். நாம் முன்பு பார்த்த அந்த ஒரு சொட்டையே இப்போது பிரித்து, முதலில் கொஞ்சம், பிறகு மீதி என்று பல தவணையாக அடிக்கிறார்கள். பழைய டீசல் வண்டியின் அந்த டக்டக் சத்தம் குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர் ஓனர்கள் இதை உடனே வரவேற்கவில்லை. 2017-ல் அசோக் லேலண்ட் ஐ.இ.ஜி.ஆர். என்ற முறையில் பி.எஸ். 4 லாரிகளை விற்றபோது, யூரியா ஊற்ற வேண்டாம், பழைய வகைப் பம்பே தொடரும் என்பதை நம் பக்கத்தில் விரும்பியவர்கள் உண்டு. ரோட்டோர மெக்கானிக் கைக்கு எட்டுகிற வண்டி என்பதே அதற்குக் காரணம். பி.எஸ். 6 வந்தபோது அந்த வழியும் முடிந்தது.

காமன் ரெயிலில் மாற்று இன்ஜெக்டர் தேர்வதென்பது வேறு தொழில். தொழிற்சாலையில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் பல அழுத்தங்களில் சோதித்து, அது கொடுக்கும் அளவு எவ்வளவு கூடுதல் குறைச்சல் என்பதை ஒரு குறியீடாக அதன் தலையிலேயே பதித்துவிடுகிறார்கள். புது இன்ஜெக்டர் போட்டதும் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் எஞ்சினின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரை எடுத்து ஐந்தில் போட்டாலும் அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கம்ப்யூட்டர் பழைய ஆளை நினைத்துக்கொண்டு புது ஆளுக்கு வேலை கொடுக்கும். வண்டி ஓடும், ஆனால் நடுக்கம், புகை, மைலேஜ் குறைவு. பி.எஸ். 6 வண்டியில் ஒழுகுகிற ஓர் இன்ஜெக்டர், சைலன்சரில் இருக்கும் விலை உயர்ந்த புகை வடிகட்டியையும் அடைத்துவிடும்.

முக்கியமாக, ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்தும் பழைய சோதனையை இதில் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீறிடும் டீசல் கையை அறுத்துவிடும். நாற்பது வருடப் பழக்கம் உள்ள கை தானாகவே ஸ்பேனரைத் தேடும். பட்டறை வைத்திருக்கும் நம் வயது ஆட்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இன்று வாங்கப் போகிறவருக்கு

பழையதைக் கழற்றி, அதில் உள்ள எண்ணைப் பார்த்து அதே மாதிரி வாங்குவது எல்லாரும் செய்வது. அதில் ஒரு பொறி உண்டு. செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், பழைய ஓனர் ஏற்கெனவே தப்பான நாசிலைப் போட்டிருக்கலாம். அதனால் எஞ்சின் எண்ணைக் கொடுத்து, கம்பெனியின் உதிரிபாகப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். எண்ணில் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து, பழையது ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். ஊசி துருப்பிடித்திருந்தால் டீசலில் தண்ணீர். கோடு விழுந்திருந்தால் தூசி. டேங்கையும் ஃபில்டரையும் சுத்தம் செய்யாமல் புது நாசில் போடுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

பழைய வகை எஞ்சின் என்றால் ஹோல்டரை வைத்துக்கொண்டு நாசிலை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஆறையும் சேர்த்து மாற்றி, பம்ப் ரூமில் அழுத்தம் வைத்து வாங்க வேண்டும். புது டப்பாவிலிருந்து எடுத்து நேராக மாட்டுவது கூடாது. காமன் ரெயில் என்றால் முதலில் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் ஒரு பாட்டிலில் விட்டுப் பார்த்தால் எது அதிகமாகத் திருப்பி விடுகிறது என்று தெரியும். மற்றவை நன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆறையும் மாற்றினால் ஒரு மாத டியூவை அது விழுங்கிவிடும்.

ரீகண்டிஷன் செய்ததை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் உள்ளே பாகம் மாற்றிய இன்ஜெக்டருக்குப் பழைய குறியீடு செல்லாது. மிஷினில் மறுபடி சோதித்துப் புதுக் குறியீடும், சோதனை அறிக்கைத் தாளும் கொடுக்கிற இடத்தில் மட்டும் வாங்கலாம். தாள் கொடுக்காதவர் சோதிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பத்து ரூபாய்ச் சாமான் ஒன்று. நாசிலுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர். பழையதையே திருப்பிப் போடுவார்கள், அல்லது பழையது ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் அதன் மேல் புதிதைப் போடுவார்கள். வாஷர் தடித்தால் நாசில் நுனி உயரும், தெளிப்பு கிண்ணத்தைத் தவறவிடும். சரியான எண், அசல் சரக்கு, நல்ல மெக்கானிக் எல்லாம் இருந்தும் ஒரு வாஷர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பொருத்தம்

இந்த வரலாறு முழுக்க ஒரே சேதியைத்தான் சொல்கிறது. நாசில் என்பது தனிப்பொருளாக என்றைக்கும் இருந்ததில்லை. ஐம்பதுகளில் அது முன்னறைக்கோ பிஸ்டன் கிண்ணத்துக்கோ பொருந்த வேண்டியிருந்தது. பிறகு பம்புக்கும், கூட இருக்கும் ஐந்து நாசிலுக்கும் பொருந்த வேண்டியிருந்தது. இப்போது கம்ப்யூட்டரில் எழுதிய எண்ணுக்கும் பொருந்த வேண்டும். பொருத்தம் பார்ப்பவர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். மேஸ்திரியின் காது, பம்ப் ரூம் மீட்டர், இப்போது ஸ்கேனர்.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஊருக்குள் லாரி போனால் மூக்கைப் பொத்திக்கொண்ட காலம் போய்விட்டது, நம் பேரன் பேத்திகளின் நுரையீரலுக்கு அது நல்லது. அதே சமயம், காதால் நாசில் பார்த்த ஒரு தலைமுறைக்கு வேலை குறைந்துவிட்டது. அவர்களில் புதியதைக் கற்றுக்கொண்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மிஷின் வாங்க முதல் இல்லாதவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

ஓனருக்கு மிச்சமாகி இருப்பது ஒரு பொறுப்பு. பழைய எஞ்சின் மன்னித்தது, மேஸ்திரி சரிக்கட்டினார். புது எஞ்சினில் இரண்டும் இல்லை. ஆகவே கடைக்குக் கிளீனரை அனுப்பாமல், எஞ்சின் எண்ணை எழுதிய துண்டுச் சீட்டோடு ஓனரே ஒரு நடை போய்வருவது நல்லது.